வாயாடியின் மூக்கு

வலது கையில் சிவப்புப் பேனா. இடது கைச் சுட்டுவிரல் ஒவ்வொரு வரியின் அடியிலும் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தது. நூற்று நாற்பத்தோராம் பக்கம், ஒன்பதாவது வரி. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

'மிரட்டல் கடிதத்தை முகர்ந்தாள். ரோஜா சென்ட்! பேங்க் மேனேஜர் பூசுகிற அதே சென்ட்!'

"அடப் பாவி மனுஷா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அச்சகமே திரும்பிப் பார்த்தது.

பிழை திருத்துகிற அவரை அங்கே எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் இருந்தது 'வாயாடி' துப்பறியும் தொடரின் பன்னிரண்டாவது நாவல். வாயாடி ஒரு பத்திரிகை நிருபர். ஊழலைத் தோண்டுவாள், போலீசைக் கிண்டலடிப்பாள், கத்தியோடு வருகிறவனிடமும் பேட்டி கேட்பாள். நான்காவது புத்தகத்தில் பெயின்ட் தொழிற்சாலை தீப்பிடித்தபோது அவளுக்கு மோப்ப சக்தி போய்விட்டது. அதை வைத்தே எட்டுப் புத்தகமாகச் சிரித்துச் சிரித்து வாசகர்களின் வயிறு புண்ணாகிவிட்டது. இப்போது, கொலைகாரனைப் பிடிக்கிற இடத்தில், போன மூக்கு திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. படைத்தவரே மறந்துவிட்டார்.

அக்கா பத்தொன்பது வயதில் தாள் மடிக்க வந்தவர். மடிக்கிற தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது; கொலை நடப்பதற்கு முன்பே கொலைகாரன் யாரென்று படித்துவிடுவார். அப்படிப் படித்துப் படித்தே பிழை பார்க்கக் கற்றுக்கொண்டார். வாயாடியின் மூன்றாவது புத்தகத்தில்தான் ஒரு முறை சறுக்கியது. இருபதாம் பக்கத்தில் எரிந்துபோன ஸ்கூட்டரில் தொண்ணூறாம் பக்கத்தில் வாயாடி ஜம்மென்று போனாள். நாற்பத்து மூன்று கடிதங்கள் வந்தன. ஒரு வாசகர் டப்பா நிறையச் சாம்பல் அனுப்பி, 'ஸ்கூட்டரைத் திருப்பி அனுப்பியுள்ளேன்' என்று எழுதியிருந்தார். அந்த டப்பா இன்னும் அக்காவின் மேஜையில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே, அன்றைக்குத் தொடங்கிய நீல நோட்டு. வாயாடியின் செருப்பு அளவு முதற்கொண்டு அதில் இருக்கும். அதன் பிறகு ஒரு புகார்கூட வந்ததில்லை.

மெஷின்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னக்கா, நாலு மணிக்குள்ள பக்கம் என் கைக்கு வரணும். கடைசிப் பதினாறு பக்கத்துக்குத்தான் பிளேட் பாக்கி. வாயாடி யாரையாவது அடிச்சுட்டாளா?"

"அவளுக்கு மூக்கு முளைச்சிருக்குப்பா."

மணி மூன்றேகால். மற்ற பக்கங்களுக்கெல்லாம் அச்சுப் பிளேட் தயாராகிவிட்டது. அவற்றில் ஒரு புள்ளியைக்கூட அசைக்க முடியாது. இந்தப் பக்கத்திலும் ஆறு வரியை எடுத்தால் ஆறே வரிதான் வைக்கலாம். ஏழாவது வரி வந்தால் பின்னால் இருக்கிற பக்கமெல்லாம் சரியும்.

எழுத்தாளரின் போனை வேறு யாரோ எடுத்தார்கள். "நான் பல் டாக்டர் பேசறேன். சாருக்கு வாய் மரத்துப்போக ஊசி போட்டிருக்கு. என்ன விஷயம்?"

"வாயாடி கடிதத்தை மோந்து பாத்துக் கண்டுபிடிக்கறதா எழுதிட்டார், டாக்டர்."

"அய்யய்யோ, அவளுக்குத்தான் மூக்கே கிடையாதே!"

பின்னால் 'ங்ஙா' என்று ஓர் அலறல் கேட்டது. எழுத்தாளருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அஞ்சு நிமிஷம் அவரைப் பிடிச்சு வைங்க" என்று போனை வைத்துவிட்டு, அக்கா நீல நோட்டைப் புரட்டினார். மூக்கு இல்லாதவள் வாசனையை எப்படிக் கண்டுபிடிப்பாள்? பக்கம் பக்கமாகத் தள்ளிய விரல் ஓரிடத்தில் குத்தி நின்றது. 'போட்டோகிராபர்: சென்ட் பட்டால் மூன்று தும்மல். ஏழாம் புத்தகம்.'

வாயாடியோடு ஊர் சுற்றுகிற அவன் இந்தப் புத்தகத்தில் எங்கே? முப்பத்தோராம் பக்கம்: மேனேஜரின் அறையில் மூன்று முறை தும்முகிறான், வாயாடி கிண்டல் செய்கிறாள், அவ்வளவுதான். நூற்று நாற்பத்தொன்றில்? கண் பறந்தது. இருந்தான்! வாயாடிக்குப் பக்கத்திலேயே, நனைந்த குடையைப் பிடித்துக்கொண்டு, மரம் மாதிரி.

"வந்து மாட்டினியா ராசா!" என்று அக்கா மேஜையைத் தட்டியதில் சாம்பல் டப்பா துள்ளியது.

பிறர் எழுதியதைத் திருத்தியே வந்த கை, முதல் முறையாகச் சொந்தமாக எழுதியது. எழுதி, வரியை எண்ணி, ஏழு வந்ததால் ஒரு கிண்டலை வெட்டி, மறுபடி எண்ணியது. ஆறு.

போனில் வாசித்துக் காட்டினார்: "கடிதத்தைப் பிரித்ததும் பக்கத்தில் ஒரு தும்மல். அப்புறம் இரண்டு. வாயாடி நிமிர்ந்தாள். 'இதே மூணு தும்மலை மேனேஜர் ரூம்லயும் போட்டியேடா! என் மூக்கு செத்தா என்ன, அதான் வாடகைக்கு ஒரு மூக்கைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேனே!'"

முதலில் டாக்டர்தான் சிரித்தார். ஏதோ கருவி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. "சார் இங்க நாற்காலியத் தட்டித் தட்டித் தலையாட்டறார். சரியாம். ரொம்பச் சரியாம்."

கணினியில் ஏற்றி எடுத்த புதுப் பக்கத்தை அக்கா ஒரு முறை மேலிருந்து கீழாகவும், ஒரு முறை கடைசி வரியிலிருந்து மேலாகவும் படித்தார். மூலையில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி நான்காக மூன்று நிமிடம்.

மெஷின்காரர் கையை நீட்டினார்.

"மை படாமப் பிடி" என்று சொல்லி, அக்கா பக்கத்தைக் கொடுத்தார்.