ஷட்டர் படத்தை அமுக்கியவன்

ஆரோக்கியமேரி அக்காவின் தீவனக் கடையை மூடியது கம்ப்யூட்டர் இல்லை. நான்தான்.

ஆவூர் பக்கம் யாரைக் கேட்டாலும் உங்களிடம் கம்ப்யூட்டரைத்தான் திட்டுவார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். மற்றவர்களைவிட நன்றாகவே திட்டினேன்.

மாட்டுத்தீவனக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். முன்பெல்லாம் எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்று குடோன் மேனேஜர் எங்களைக் கேட்டு ஏற்றுவார். பிறகு எல்லாம் போனில் ஒரு ஆப் என்றானது. பஸ் போர்டை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ்ஸை விட்டுவிடுகிற ஆள் நான். என்னைப் போன்ற அறிவாளிகளுக்காகவே அதில் படம் போட்டிருந்தார்கள். மூட்டைப் படம் என்றால் சரக்கு இறக்கியாச்சு. ஷட்டர் படம் என்றால் கடை மூடல்.

சரக்கு இறக்குமுன் கடைக்காரர் போனுக்கு ஒரு நம்பர் வரும்; அதை நான் ஆப்பில் போட வேண்டும். அக்கா கடையில் சிக்னல் கிடையாது. போனோடு அக்கா சர்ச் வாசல் வரை போய், வந்த நம்பரை உரக்கச் சொல்லிக்கொண்டே ஓடி வரும். அதற்குள் அந்த நம்பர் செத்துப்போயிருக்கும்.

"நீங்க மூட்டைய எறக்குங்க தம்பி. நான் எங்கிட்டு ஓடிரப் போறேன்? நம்பர் வாங்க ஓடுறதுக்கே மூச்சு வாங்குது."

"மிஷினு ஒங்கள நம்ப மாட்டேங்குதுக்கா."

"ஒங்க மூஞ்சிய நம்பியே வேனக் குடுத்திருக்காக. என்னைய நம்பாதாமா?"

நாள் முழுக்க என்னோடு பேசுவது இரண்டே குரல்கள். ஒன்று அக்கா. இன்னொன்று, 'இடது பக்கம் திரும்பவும்' என்கிற போன் பெண். வீட்டில் அதுவும் இல்லை.

அப்படியிருந்தும் செய்தேன்... நேரமானால் போனில் என் பெயர் சிவப்பாகும். மறுநாள் லோடு வேறொருவனுக்குப் போகும். ஒரு மழை நாளில், அக்கா ஊர்த் திருப்பத்திலேயே வேனை நிறுத்தி ஷட்டர் படத்தை அமுக்கினேன்.

பழைய மேனேஜராக இருந்தால், "கிறிஸ்மஸ் அன்னைக்கே பாதிக் கதவத் தொறந்து வச்சிருக்கும்டா அந்தம்மா, போயி எறக்கிட்டு வா" என்றிருப்பார். ஆப் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பேச்சை அப்படி நம்பியவர் வாழ்நாளில் யாருமில்லை. அந்த ருசியில் அடிக்கடி அமுக்கினேன்.

கொஞ்ச நாளில் அக்கா கடையே ஆப்பிலிருந்து காணாமல் போனது. அங்கே கடை நடப்பதில்லை என்று அதுவே முடிவு கட்டிவிட்டதாம். மாடு வைத்திருப்பவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, தீவனத்துக்கு டவுனுக்குப் போனார்கள். நான் பொய்யாக இறக்கிய ஷட்டரை அக்கா நிஜமாகவே இறக்கியது.

இப்போது அக்கா, மில் வேலைக்குப் போக அந்தத் திருப்பத்தில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறது. ஒருநாள், சொல்லிவிடலாம் என்று வேனை நிறுத்தினேன்.

"அந்த மிஷினுக்குக் கண்ணு இருக்கா தம்பி? கடை தொறந்துதான கெடந்துச்சு."

"கண்ணு இருந்தா என்னைய வேலைக்கு வச்சிருக்குமாக்கா?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "நீங்க ஒருத்தராச்சும் நின்டு கேட்டீங்களே" என்று பஸ் ஏறியது.

ஆபீசில் உண்மையைச் சொன்னால் அக்கா கடை மறுபடி ஆப்பில் ஏறலாம். என் பெயர் இறங்கும். இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. நீங்கள் அக்கா இல்லையே.

அந்தத் திருப்பம் வரும்போது போன் பெண் இப்போது எதுவும் சொல்வதில்லை. நானும் நேராகப் போகிறேன்.