நீலச் சீட்டு யாருக்கு?

அடுத்தவர் வாயைக் கிளறுவதுதான் ஹஸ்மிக் தாவித்யனுக்குப் பிழைப்பு. ஐம்பத்து மூன்று வயதில், அமெரிக்காவின் க்ளெண்டேல் மால் வாசலில் அட்டையில் செருகிய படிவத்தோடு நின்று, இன்னும் வெளிவராத படங்களை இலவசமாகப் பார்க்க ஆள் பிடிக்கிறாள். பதினோரு வருடமாக இதே வேலை. அவள் பிடித்த ஆட்கள் உள்ளே போய்ப் படம் பார்ப்பார்கள்; அவள் வெளியே நின்று தலை எண்ணுவாள். ஆள் பிடிப்பவர்கள் படம் பார்க்கக் கூடாது என்பது விதி. ஒரு படத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

படிவத்தின் முதல் கேள்வி கறாரானது: "நீங்களோ உங்க வீட்டுல யாருமோ சினிமாவுல, இல்ல கருத்துக்கணிப்புல வேலை பாக்குறீங்களா?" ஆமாம் என்றால் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட வேண்டும். அதைத் தாண்டியவர்களுக்குச் சீட்டு. படம் யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்களுக்கு நீலம், மற்றவர்களுக்கு மஞ்சள். படம் முடிந்ததும் நீலக்காரர்கள் இருபது பேரை மட்டும் முன்வரிசையில் நிறுத்தி வைத்துக் கருத்துக் கேட்பார்கள். எடுத்தவர்கள் பின்வரிசையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமைப் படம், 'மாலைத் தோணி' என்ற வீடியோ கேமிலிருந்து எடுத்தது. மேற்பார்வையாளன் டெரெக் காலையிலேயே சொல்லிவிட்டான்.

"நீலம் முழுக்கப் பசங்கதான். பதினேழுலேர்ந்து இருபத்துநாலு. நூறு மணி நேரத்துக்கு மேல ஆடியிருக்கணும். ஏற்கெனவே ரெண்டு தடவ நீங்க இஷ்டத்துக்கு ஆள் கூட்டிட்டு வந்தாச்சு. இது மூணாவதா ஆச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது, ஹஸ்மிக்."

"டெரெக் ஜான், நான் எப்ப உன்கிட்ட என்னக் காப்பாத்தச் சொன்னேன்?" என்றாள். ஆர்மீனியக்காரியான அவளுக்கு எல்லாரும் 'ஜான்', அதாவது 'கண்ணு'. ஆனால், ஐம்பத்து மூன்று வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

மதியம் இரண்டு மணி வரை கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். வயது சரியாக இருந்த பசங்கள் பத்து மணி நேரம்கூட ஆடியிருக்கவில்லை. பத்து பேர் தேறினார்கள். இன்னும் பத்து பேர் வேண்டும். அப்போது, சாயம் போன நீல மருத்துவமனை உடுப்பில் ஒரு பெண் தானாக வந்து நின்றாள். பெயர் மரிசெல், பிலிப்பினோக்காரி, வயது நாற்பத்தாறு, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை.

"அக்கா, தோணி படமா? எனக்கும் ஒரு சீட்டுக் குடுங்களேன்."

"ஆடுவியா நீ? எத்தன மணி நேரம்?"

"எழுநூத்திச் சொச்சம்."

ஹஸ்மிக் பேனாவை மூடினாள். எழுநூறு! இதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை. "அப்படி என்னம்மா இருக்கு அதுல?"

"சாயங்காலம் தோணி கிளம்புறதுக்கு முன்னாடி தோணிக்காரர் மணி அடிப்பாரு. அடிச்சதும் கிளம்பிட்டா பாயின்ட் கூட வரும். ஆனா கொஞ்சம் நின்னா யாராவது ஓடி வருவாங்க. வந்து உக்காந்து கதை சொல்லுவாங்க. நான் எப்பவும் நிப்பேன். என் கூட வேலை பாக்குறவங்களும்தான்."

"கூட வேலை பாக்குறவங்களா? அவங்க எங்க இப்ப?"

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள். மூன்றரை மணிக்குள் மரிசெல்லோடு சேர்த்து நாற்பது தாண்டிய பத்துப் பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தியும் முந்நூறு மணி நேரத்துக்குக் குறையவில்லை. ஹஸ்மிக் வயதை மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி, நீலச் சீட்டைக் கொடுத்தாள். இவர்கள் படத்தைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

படம் முடிந்ததும் பென்சில்களைத் திரும்ப வாங்கும் சாக்கில் கதவோரம் நின்றுகொண்டாள். முன்வரிசையில் பையன்கள் எல்லாவற்றையும் "சூப்பர்" என்றார்கள். சண்டை சூப்பர், பேய் சூப்பர். கருத்துக் கேட்கிறவர் மரிசெல் பக்கம் தயங்கித் திரும்பினார்.

"எந்த இடத்துல உங்களுக்குப் படத்து மேல பிடிப்பு விட்டுப்போச்சு?"

"ஆரம்பத்துலயே. மணி அடிச்சிட்டு அவரு நிக்கவே இல்லயே. அப்படியே போயிட்டாரு."

கழுத்தில் பாம்பைப் பச்சை குத்தியிருந்த ஒரு பையன் தொண்டையைச் செருமினான். "ஆமா. நானும் நிப்பேன். வெளியில சொன்னா சிரிப்பாங்கன்னு..."

"நிக்கிறவங்கல்லாம் கை தூக்குங்க பாப்போம்."

இருபது கைகளும் உயர்ந்தன. பின்வரிசையில் யாரோ கோபமாக எழுதிக்கொண்டிருந்தார். ஹஸ்மிக்குக்குக் கர்வமாக இருந்தது. அந்தக் கர்வம் பார்க்கிங் வரைகூட வரவில்லை.

"பாதிக்குப் பாதி பொம்பளைங்க!" டெரெக்கின் முகம் சிவந்திருந்தது. "வயசு தப்புன்னு மொத்தக் கணக்கையும் செல்லாதுன்னுட்டாங்க. பேட்ஜைக் குடுங்க."

அவள் கழற்றிக் கொடுத்தாள். பஸ்ஸில் அழுதாள்.

வேலை இல்லாத வீட்டில் பகல் நீளம். மரிசெல் ஒரு நாள் வந்து, ஹஸ்மிக்கின் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். முதல் வாரம் தோணி மூன்று முறை கவிழ்ந்தது. இரண்டாவது வாரம், மணியடித்து நின்றபோது ஒரு கிழவர் கையில் செருப்போடு ஓடி வந்தார். அவர் சொன்ன கதையில் ஹஸ்மிக்கின் காபி ஆறிப்போனது.

மூன்று மாதம் கழித்து, காய்கறிப் பையோடு மால் வாசலைக் கடக்கும்போது புதிதாக ஒருவன் குறுக்கே வந்தான். அட்டை, படிவம், அதே பேட்ஜ்.

"மேடம், நீங்க வீடியோ கேம் ஆடுவீங்களா?"

பதினோரு வருடம் ஊரையெல்லாம் கேட்டவள். அவளை யாரும் கேட்டதில்லை. "தோணிதானே? இருநூத்திப் பத்து மணி நேரம்."

"அருமை! இப்ப நாப்பதுக்கு மேல உள்ள பெண்களைத்தான் தேடச் சொல்லியிருக்காங்க. சில காட்சியத் திரும்ப எடுத்திருக்காங்களாம். நீங்களோ வீட்டுல யாருமோ சினிமாவுல, இல்ல கருத்துக்கணிப்புல வேலை பாக்குறீங்களா?"

"டெரெக் புண்ணியத்துல, இல்லப்பா."

நீலச் சீட்டோடு அவள் முதல் முறையாக உள்ளே போய் உட்கார்ந்தாள். திரையில் தோணிக்காரர் மணியை அடித்தார். நின்றார். ஹஸ்மிக் பழக்கதோஷத்தில் விநாடிகளை எண்ணினாள். ஒன்பது விநாடியில் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கரையில் ஒரு பெண் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

படம் முடிந்து கருத்துத் தாள் வந்ததும், பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதினாள்: இன்னும் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறது.