தோற்க ஆள் தேவை

ஜெஸிமா அக்காவின் சமையலறைப் பரணில் ஹாட்பாக்ஸ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒன்றுகூட அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்படவில்லை. கல்யாணத்துக்கு வந்த சீர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் காட்டூரில் இருக்கும் நியூ டவுன் மனமகிழ் மன்றம், பெண்கள் ஒற்றையர் டென்னிஸ் சாம்பியனுக்கு வருடா வருடம் கொடுக்கும் பரிசுகள் அவை. ஆண்கள் சாம்பியனுக்கு வெள்ளி முலாம் பூசிய கோப்பை. கோப்பையில் இட்லி வைக்க முடியாது என்பதால் பெண்களுக்கு ஹாட்பாக்ஸ்.

மன்றத்தின் கௌரவச் செயலாளர் பீமராவ் சார் இதை மேடையிலேயே விளக்குவார்.

"லேடீஸுக்கு யூஸ்ஃபுல்லா என்ன குடுக்கலாம்னு கமிட்டி ரொம்ப யோசிச்சோம்."

ஒவ்வொரு வருடமும் ரொம்ப யோசித்து, ஒவ்வொரு வருடமும் அதே ஹாட்பாக்ஸுக்கு வந்து சேர்வது சாதாரண மூளைகளால் ஆகிற காரியமில்லை.

ஜெஸிமா அக்காவின் அத்தா அப்துல் சுக்கூர், அதே மன்றத்தில் மார்க்கராக இருந்தவர். மார்க்கர் என்றால் கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுபவர். ஜோடி கிடைக்காத உறுப்பினருக்கு எதிரே நின்று பந்தைத் திருப்பிப் போடுபவர். எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஜெயிக்கக் கூடாதவர். மகள் அவரிடமிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார், அந்தக் கடைசி விதியைத் தவிர.

ஆனால் மார்க்கரின் மகள் மன்றத்துப் போட்டியில் ஆட முடியாது. உறுப்பினர்களின் குடும்பத்தார் மட்டும்தான் ஆடலாம். அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஹாலித் அண்ணன். சிங்காரத்தோப்பில் செல்போன் கடை வைத்திருக்கிறார். நிச்சயம் முடிந்ததும், வரப்போகிற மனைவியிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "கிளப் மெம்பர்ஷிப்" என்று பதில் வந்திருக்கிறது.

"நெக்லஸ் கேப்பான்னு பயந்துட்டிருந்தேன். இவ கிளப்ல சேரச் சொன்னா. அவ மனசு மாறுறதுக்குள்ள அன்னிக்கே போய்ச் சேந்துட்டேன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். மன்றத்தில் அவர் கேரம் மட்டும் ஆடுவார். அதிலும் தோற்பார்.

மருமகளாக அந்த வாசலில் நுழைந்த வருடமே அக்கா சாம்பியன். அதன்பிறகு மன்றத்தில் யாரிடமும் ஒரு செட்கூட இழக்கவில்லை. முழுக்கைச் சுடிதார், தலையை இறுக்கிச் சுற்றிய துப்பட்டா, முகத்தில் இரக்கம் என்பதே கிடையாது. உலகம் ஒரு மேதையைத் தவறவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அக்கா ஒருமுறை மதுரைக்குப் போய் மாநிலப் போட்டியில் ஆடி, முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அவ நல்லா ஆடுனா" என்றார். அவ்வளவுதான் சோகக்கதை.

ஆக, காட்டூரில் மட்டும் அக்காவை வெல்ல ஆளில்லை. ஆளில்லை என்பது கொஞ்ச நாளில் நிஜமாகவே ஆளில்லை என்று ஆனது. தோற்பது கஷ்டமில்லை, ஒரு கேம்கூட எடுக்காமல் ஆறு–பூஜ்யம், ஆறு–பூஜ்யம் என்று தோற்பதுதான் கஷ்டம். அதை டீ கவுண்டர் பக்கத்தில் கரும்பலகையில் வேறு எழுதிப் போடுவார்கள். தோற்றவரின் கணவர் சீட்டாட வந்தால், "என்ன சார், இன்னிக்கு வீட்ல டபுள் ஆம்லேட்டா?" என்று விசாரிப்பார்கள். அந்தக் கணவர்கள் எல்லாரும் மகா வீரர்கள். அடுத்த வருடம் மனைவியின் பெயரைக் கொடுக்க மாட்டார்கள்.

இப்படியே குறைந்து குறைந்து, போன வருடம் மொத்தம் மூன்று பேர்தான் ஆடினார்கள். இந்த ஏப்ரலில் பீமராவ் சார் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். பெண்களிடையே ஆர்வம் குறைந்துவிட்டதாம். எட்டுப் பேராவது சேராவிட்டால் பெண்கள் போட்டி நிரந்தரமாக நிறுத்தப்படுமாம். மகளிர் நேரமும் ரத்தாகுமாம். அந்த நேரத்தில் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிக்கப்படுமாம்.

மகளிர் நேரம் என்பது மதியம் மூன்றரை முதல் நாலரை வரை. திருச்சியில் அந்த வேளையில் நாய்கூடக் காருக்கு அடியில் படுத்திருக்கும். வெயில் இறங்கி, காற்று வந்து, ஆண்கள் ஆடத் தொடங்கும் முன்பு மண்ணை நனைப்பதற்கு ஏற்ற நேரம் அதுதான் என்பதைக் கமிட்டி ரொம்ப யோசித்துக் கண்டுபிடித்திருந்தது.

ஆனால் அக்காவுக்கு இருந்ததே அந்த ஒரு மணி நேரம்தான். தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை. காலை ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டியில் நேரே கோர்ட்டுக்கு வருவார். ஊரில் இருக்கும் மற்ற கோர்ட்டுகளெல்லாம் பிள்ளைகளை நாளைய நட்சத்திரமாக்கும் அகாடமிகள். நாற்பதை நெருங்கும் இன்றைய நட்சத்திரத்துக்கு அங்கே இடமில்லை. இந்த நேரம் போனால் அவருடைய டென்னிஸும் அதோடு போயிற்று.

நேரே பீமராவ் சாரிடம் போனார்.

"சார், நான் ஆடலன்னா எல்லாரும் பேர் குடுப்பாங்க. நான் வெலகிக்கவா?"

"சேச்சே! நீங்க நம்ம சாம்பியன்மா. நீங்க இல்லாம டோர்னமென்ட்டா?"

"அப்ப எட்டுப் பேர் வேணாம்னு சொல்லுங்க."

"அது ரூல்மா."

எனவே திருச்சி மாநகரில் வேறெங்கும் நடந்திராத ஒரு காரியம் நடந்தது. சாம்பியனே தன்னிடம் தோற்பதற்கு வீடு வீடாக ஆள் தேடிக் கிளம்பினார்.

வேலை செய்யும் இடத்தைக்கூட விடவில்லை. ஸ்கேன் சென்டரில் டோக்கனோடு காத்திருந்தவர்களில் மன்றத்து உறுப்பினரின் மனைவி யாராவது இருந்தால் போதும். "ஃபேட்டி லிவரா? டாக்டர் எக்ஸர்சைஸ் சொல்லிருப்பாரே? மூணரை மணிக்கு வந்துடுங்க." இப்படி மட்டும் நான்கு பேரைப் பிடித்துவிட்டார். மருத்துவத்துக்கு இது எவ்வளவு பெரிய சேவை என்று யாரும் பாராட்டவில்லை.

என்னைப் பிடிப்பது இன்னும் சுலபம். அப்பா மன்றத்து உறுப்பினர். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு கவுன்சலிங்குக்காக வீட்டில் கிடந்தேன். அக்கா கேட்டு முடிப்பதற்குள் அம்மா என்னை ஒப்படைத்துவிட்டார். "எந்நேரமும் போனைத் தேய்ச்சுட்டுக் கெடக்கா. கூட்டிட்டுப் போம்மா. திருப்பிக் கொண்டாந்து விடணும்னுகூட இல்ல."

செங்கமலம் மாமி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். மாமா திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று அங்கே வீடு வாங்கிப் போனவர். சீட்டாட்டத்துக்காக இங்கே உறுப்பினராகத் தொடர்கிறார்.

"நேக்கு ஓட முடியாதுடி ஜெஸிமா."

"ஓட வேணாம் மாமி. நீங்க நிக்கற எடத்துக்கே அடிக்கறேன்."

"ஆனா முட்டை வாங்கினா மாமா முகத்துல முழிக்க முடியாது. ஒரே ஒரு கேம் விட்டுக் குடுத்துடு. பெருமாள் உன்னை நன்னா வெப்பார்."

எல்லாரும் கேட்டது இதைத்தான். ஒரே ஒரு கேம். அக்கா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"விட்டுக் குடுக்க மாட்டேன் மாமி. எங்க அத்தா வாழ்க்கை பூரா விட்டுக் குடுத்தாச்சு. வேணும்னா எங்கிட்ட எப்படிக் கேம் எடுக்கலாம்னு சொல்லித் தர்றேன்."

சொல்லியும் தந்தார். மகளிர் நேரத்தில் எங்கள் ஏழு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, தன்னுடைய ஒரே பலவீனத்தைப் பொதுச் சொத்தாக்கினார். இடது தோளுக்கு மேலே உயரமாக வருகிற பந்தை அவரால் சரியாக அடிக்க முடியாது. "வேகமா அடிக்காதீங்க. ஒசரமா, எனக்கு எடது பக்கம், கடைசிக் கோட்டுகிட்ட தூக்கிப் போடுங்க. அவ்வளவுதான்." சண்டைக்கு முன்பு கோட்டையின் சாவியை எதிரிகளிடம் கொடுத்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றும் சொல்லித் தந்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மே மாதத்தில் போட்டி தொடங்கியது. எட்டுப் பேர் சேர்ந்துவிட்டதைப் பார்த்து பீமராவ் சார் அடைந்த மகிழ்ச்சியை அவர் முகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் ஆட்டத்தில் செங்கமலம் மாமி நின்ற இடத்தில் நின்று எல்லாப் பந்தையும் ஆகாயத்துக்கு அனுப்பி, நிஜமாகவே ஒரு கேம் எடுத்தார். ஆறு–ஒன்று, ஆறு–பூஜ்யம். மாமா கோர்ட்டுக்குள் ஓடிவந்து கைகுலுக்கினார். மொத்த மன்றத்துக்கும் காபி. ஜெயித்த அக்காவுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அரையிறுதியில் நானும் ஒரு கேம் எடுத்தேன். அதை நான் ரொம்ப நேரம் விவரிக்க ஆசைப்படுவதால் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

இறுதிப் போட்டியில் அக்காவுக்கு எதிரே வந்தவர் பாப்பாயி அம்மா. பால்பண்ணைப் பக்கத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார். கணவர் பிச்சமுத்து முதலாளி என்று விசிட்டிங் கார்டில் இருக்கும். டிரைவர்களைப் போனில் மேய்ப்பது இந்த அம்மா. புடவைக்கு மேலே கணவரின் சட்டை, தலையில் ஒரு டயர் கம்பெனியின் இலவசத் தொப்பி. அவருக்குத் தெரிந்தது அக்கா சொல்லித் தந்த அந்த ஒரே அடிதான். ஆனால் சேலத்துக்குப் போன லாரி திரும்பி வரும் வரைக்கும் காத்திருந்து பழகியவருக்கு, மேலே போன பந்து கீழே வரக் காத்திருப்பது பெரிய காரியமில்லை.

முதல் செட் அக்காவுக்கு. இரண்டாவதில் பாப்பாயி அம்மா தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதற்காக எங்கள் கோர்ட்டைக் கிழக்கு மேற்காகப் போட்டிருக்கிறார்கள். மேற்கே பார்த்து நிற்கும்போது, உயர்ந்து வரும் பந்தைத் தேடினால் மூன்றரை மணிச் சூரியன் கண்ணுக்குள்ளேயே இறங்கும். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு இடது பக்கம் ஓடி ஓடி அடித்தார். பாதி நெட்டில் விழுந்தது. பாப்பாயி அம்மாவோ மேலே பார்ப்பதே இல்லை. தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, பந்து தரையில் குதித்தபிறகுதான் கவனித்தார். இரண்டாவது செட் அவருக்கு.

மணி நாலரையைத் தாண்டிவிட்டது. ஆண்கள் மட்டையோடு கம்பி வேலி ஓரமாக வந்து நின்றுவிட்டார்கள். பீமராவ் சார் வாட்சைத் தட்டிக் காட்டினார்.

"டைம் ஆச்சும்மா. இதோட நிறுத்தி டாஸ் போட்டுக்கலாமா?"

"ஜென்ட்ஸ் ஃபைனல்ல என்னிக்கு சார் டாஸ் போட்டீங்க?" என்றார் அக்கா.

பாப்பாயி அம்மா அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கொடுத்தார். "உக்காருங்க சார் செத்த! லாரி லேட்டானா நாங்க உக்காரல? வந்துட்டாரு வாட்சத் தூக்கிக்கிட்டு!"

பீமராவ் சார் உட்கார்ந்தார். கூடவே ஆண்களும் உட்கார்ந்தார்கள். பெண்கள் டென்னிஸை மன்றத்து ஆண்கள் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது செட்டில் ஒரு பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது என்று அக்கா நடுவரோடு சண்டை போட்டார். இன்னொன்றைத் துரத்திப் போய் வேலியில் மோதி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். ஐந்து–ஐந்து. பிறகு ஆறு–ஐந்து, பாப்பாயி அம்மா முன்னிலை. கடைசிப் பந்தும் அதே பந்துதான்: உயரமாக, இடது தோளுக்கு மேலே. அக்கா எம்பி அடித்தார். பந்து நெட்டின் மேல் நாடாவில் பட்டு, எங்கள் எல்லாரையும் ஒரு மூச்சு பிடிக்க வைத்துவிட்டு, அக்காவின் பக்கமே விழுந்தது.

அக்கா நெட்டுக்குப் போய்க் கை நீட்டினார். பாப்பாயி அம்மா புரியாமல், "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

பரிசளிப்பு மேடையில் பீமராவ் சார் உருகிவிட்டார். "நம்ம ஜெஸிமா அம்மா போட்டி நடக்கணும்னு ஆள் சேத்தாங்க. கடைசியில ஒரு புது ஆள் ஜெயிக்கட்டுமேன்னு விட்டும் குடுத்துட்டாங்க. இந்தத் தியாகம்தான் பெண்மை!" கைதட்டல் பிரமாதம். ஒரு பெண் தோற்றால்கூட அதை அவள் தோல்வியாக வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், அவ்வளவு மரியாதை.

அக்கா மேடைக்கு ஏறி மைக்கைக் கேட்டார். கொடுத்தார்கள். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

"நான் ஒண்ணும் விட்டுக் குடுக்கல. தோத்துட்டேன். அந்தம்மா நல்லா ஆடுனாங்க. அவங்க ஜெயிச்சதை எங்கிட்ட குடுக்காதீங்க சார்."

இறங்கிப் போய் ஹாலித் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் மெதுவாக, "பரண்ல இந்த வருஷம் எடம் மிச்சம்" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அண்ணன் எழுந்து கேரம் ஆடப் போய்விட்டார்.

மறுநாள் நடந்ததைத்தான் கமிட்டி எதிர்பார்க்கவில்லை. மகளிர் நேரத்துக்கு இருபது பெண்களுக்கு மேல் வந்து நின்றார்கள். பாப்பாயியே ஜெயித்தாரா, அப்படியென்றால் நானும் ஜெயிப்பேன் என்பது ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. 'ஆம்லேட்' பயத்தில் மனைவியை நிறுத்தி வைத்திருந்த கணவர்களே ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஆர்வம் குறைந்துவிட்டதாக ஒட்டியிருந்த தாளை பீமராவ் சார் தன் கையாலேயே கிழிக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் தெளிப்பதைக் காலையில் வைத்துக்கொண்டார்கள். மண் ஒன்றும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. மகளிர் நேரத்தை நாலரைக்குத் தள்ளி வைக்கக் கேட்டிருக்கிறோம். கமிட்டி ரொம்ப யோசிக்கிறதாம்.

நேற்று நான் போனபோது, அக்கா மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார். நெட்டுக்கு அந்தப் பக்கம் ஹாலித் அண்ணன், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து, கூடையிலிருந்து பந்துகளை எடுத்து அவருடைய இடது தோளுக்கு மேலே எறிந்துகொண்டிருந்தார்.

"கை வலிக்குது ஜெஸி."

"இன்னும் ஒசரமாப் போடுங்க."

பாப்பாயி அம்மா நிழலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சந்தேகத்தோடு அக்காவை நெருங்கினார்.

"ஏம்மா, இந்த ஹாட்பாக்ஸுல சாப்பாடு எவ்வளவு நேரம் சூடா இருக்கும்?"

"தெரியாதுக்கா. ஒண்ணையும் நான் தெறந்ததில்ல."

"நானும் இன்னும் பிரிக்கல."

"பிரிக்காதீங்க" என்றார் அக்கா, அடுத்த பந்துக்காக மட்டையைத் தூக்கிக்கொண்டு. "அடுத்த மே மாசம் நான் வாங்கப் போற பெட்டிய அதுக்குப் பக்கத்துல வச்சுப் பாக்கணும், ரெண்டும் ஒரே கலரான்னு."