காப்புக் கட்டிய ஷிஃப்ட்

"தானாகவே வேலையைக் கைவிட்டவர்." கம்பெனி கொடுத்த மூன்று வரிக் கடிதத்தில் அவனைப் பற்றி இருந்தது இவ்வளவுதான். ஆறு வருஷம் விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்தபடி பெட்டி அடுக்கியவனை, வெற்றிலைக் காம்பு மாதிரி கிள்ளிப் போட்டிருந்தார்கள். விசாரணை கிடையாது. கேள்வி கிடையாது. பாஸைப் பிடுங்கிக்கொண்டு வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அவனும் வந்த வழியே கல்வராயன் மலைக்குப் போய்விட்டான்.

நான் அப்போது மீனம்பாக்கத்தில் விமானத்தைச் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தேன். ஒரு விமானம் இறங்கி மறுபடி ஏறுவதற்குள் சீட்டு சீட்டாகக் குனிந்து துடைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். சொந்த ஊர் நைனார்பாளையம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் மரவள்ளிக்குக் களை வெட்டியவர்கள். அந்த வேலையில் ஒரு மரியாதை இருந்தது. காட்டுக்காரன் "நாளைக்கு வராதே" என்பதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்வான். ஏர்போர்ட்டில் அதுகூட இல்லை. பாஸைக் காட்டியும் கதவு திறக்கவில்லை என்றால் நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

தொழிலாளர் சங்கத்தில் நான் கமிட்டி உறுப்பினர். வாய் நீளம் என்பதால்தான் என்னைச் சேர்த்தார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நாலு பேர் ஏற வேண்டிய சரக்கு அறைக்குள் இரண்டே பேரை ஏற்றுகிறார்கள் என்று அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு மனு கொடுத்திருந்தோம். பெட்டி ஏற்றுகிற லோடர்களில் முதல் கையெழுத்து அவனுடையது. நாலு நாள் லீவில் ஊருக்குப் போனவன் பதின்மூன்று நாள் கழித்து வந்ததும், காத்திருந்த கொக்குக்கு மீன் கிடைத்துவிட்டது. இதைவிட அதிக நாள் கழித்து வந்தவர்களை எல்லாம் நாலு திட்டு திட்டி உள்ளே விட்டிருக்கிறார்கள். இவனுக்கு மட்டும் சட்டம் பேசியது.

"உன் ஊர்ப் பக்கம்தானே, நீயே போய்ப் பார்" என்று சங்கத்தில் என்னை அனுப்பினார்கள். கள்ளக்குறிச்சியில் யாராவது ஒரு டாக்டரிடம் மஞ்சள்காமாலை என்று சீட்டு வாங்கிக்கொடுத்தால் கம்பெனியோடு பேசிவிடலாம் என்பது யோசனை. யார்தான் அப்படிச் சீட்டு வாங்கவில்லை? எனக்கும் தப்பாகத் தெரியவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவுக்கு வளைவு குடலைப் புரட்டிக்கொண்டு வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்தேன். செருப்பு அறுந்தது. அவன் சரிவில் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, இவ்ளோ தூரம்?"

"உன் மூஞ்சியப் பாத்து நாளாச்சுன்னு வந்தேன். கெளம்புடா, டாக்டராண்ட காமாலைன்னு ஒரு சீட்டு வாங்கிக்கினு வந்துரலாம்."

"மாட்டேங்க்கா."

கையில் இருந்த அறுந்த செருப்பால் அவனை அடிக்காதது என் பொறுமைதான். பிறகு நிழலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும்போது வீட்டுக்கு ஒரு கை நீட்ட வேண்டும். வழக்கமாக அவன் அப்பா நீட்டுவார். அந்த வருஷம் அவர் கால் முறிந்து படுத்திருந்தார். இவன் நீட்டினான். காப்புக் கட்டிய கை, அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நாலு நாளில் முடிய வேண்டிய திருவிழா. மூன்றாம் நாள் ஊரில் ஒரு சாவு விழுந்தது. தீட்டுக் கழிந்துதான் மற்றதெல்லாம் என்று ஊர் முடிவுசெய்தது. இவன் மாட்டிக்கொண்டான்.

"அதுக்கு ஒரு சீட்டு வாங்கினா இன்னா கொறஞ்சிடும்?"

"ஆத்தாவுக்குக் காப்புக் கட்டிக்கினு இருந்த நாளுக்கு, சீக்குல கெடந்தேன்னு எழுதறதாக்கா? அது சாமியயே பொய்யாக்குற மாதிரி. நான் ஒண்ணும் ஓடிப் போவல. சொல்லி அனுப்பிட்டுதான் இருந்தேன்."

"ஆமா, நீ சொல்லி அனுப்பினதக் கேட்டு ஏரோப்ளேனு நின்னுக்கினு இருக்கும்" என்றேன். யாரிடம் சொல்லி அனுப்பினாய் என்று கேட்கவில்லை. காற்றிடமோ காக்காவிடமோ சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். அவனும் அதற்குமேல் சொல்லவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருந்தான். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

கீழே போகிற பஸ்ஸில் எனக்கு இருந்த கோபத்தில் கண்டக்டரிடமே புலம்பினேன். அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏரோப்ளேன்ல மூட்ட ஏத்துற பையனாம்மா? அவனுக்காக நான்தானே போன் போட்டேன். ரோட்டோரம் அவங்க ஊரு எல்லைக் கல்லாண்ட நின்னுக்கினு நம்பரு எழுதிக் குடுத்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல எறங்கினதும் போட்டேன். அவங்க சூப்பர்வைசரு சரின்னு வெச்சிட்டாரு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. டவர் கிடைக்காத அந்த ஊர்களில் மாத்திரை வாங்கிவரச் சொல்வதும், கட்டிக்கொடுத்த மகளுக்குச் சேதி சொல்வதும் மலை பஸ் கண்டக்டர் வழியாகத்தான். அவனுக்கு அது தபாலில் போடுவதற்குச் சமம். "கண்டக்டரிடம் சொன்னேன்" என்று தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரிதான், ஆனாலும் அதே ஜில்லாக்காரி; நானும் கேட்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து கம்பெனி சொன்ன பொய்யைக் கிட்டத்தட்ட உண்மையாக்கியிருந்தோம்.

"சாட்சி சொல்ல மெட்ராஸ் வருவீங்களா?"

"நானும் சங்கத்துல இருக்கறவன்தாம்மா. லீவு போட்டுட்டு வரேன்."

அடுத்த பஸ்ஸிலேயே மறுபடி ஏறிப்போய் அவனைக் கையோடு கூட்டிவந்தேன். ஆனால் சாட்சி இருந்து என்ன, விசாரணை வைத்தால்தானே? மேனேஜர் விசாரணை கேட்ட எங்கள் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. "முடிந்துபோன விஷயம்" என்றார். எனக்குத் தலைக்கேறியது. பல்லாவரத்தில் மஞ்சள் கிழங்கும் நூலும் வாங்கிவந்து, காலை ஷிஃப்ட்டில் எல்லோர் கையிலும் காப்புக் கட்டப்போகிறேன் என்றேன். கம்பெனி முகத்துக்கு நேரே கையை ஆட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

அவன்தான் மறித்தான். "வெளையாட்டுக்குக் கட்டாதீங்கக்கா. கட்டினா அவுக்கற வரைக்கும் எல்ல தாண்டக் கூடாது. கறி தின்னக் கூடாது. முடியும்னா கட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நினைத்து இரண்டு லோடர்கள் பெருமூச்சு விட்டார்கள். எனக்கோ அவன் சொன்னதில்தான் வழி தெரிந்தது. எல்லை தாண்டக் கூடாதா? நல்லது, தாண்ட மாட்டோம்.

ஊழியர் வாசலுக்கு வெளியே வண்டி நிறுத்துகிற கொட்டகைதான் எங்கள் ஊர் எல்லை. மாதாவைக் கும்பிடுகிற ஒருத்தி கையை நீட்டினாள். ஐந்து வேளை தொழுகிற, பெட்டி வண்டிகளை இழுக்கிற டிராக்டரின் டிரைவர், "உங்க ஆத்தா என்னைக் கோச்சுக்க மாட்டாங்களே?" என்று கேட்டுக்கொண்டே நீட்டினார். பகல் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் வெளியே வந்து கொட்டகையில் உட்கார்ந்தோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் சரியான நேரத்துக்கு அங்கிருந்தே எழுந்து வேலைக்குப் போனோம், முடிந்ததும் மறுபடி வந்து உட்கார்ந்தோம். வேலையை நிறுத்தவில்லை; வீட்டுக்குப் போவதைத்தான் நிறுத்தினோம். இதற்கு எந்தச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுப்பது என்று கம்பெனிக்குத் தெரியவில்லை. செக்யூரிட்டி வந்து விரட்டிப் பார்த்தார்கள். "காப்புக் கட்டியிருக்கோம், நகர முடியாது" என்று கையைக் காட்டினோம். என் புருஷன் மாற்றுச் சேலையோடு வந்து, "வூட்டுக்கு எப்போ வருவ?" என்றார். "அத உங்க மேனேஜரக் கேளு" என்றேன், அவர் ஏதோ கம்பெனி ஆள் மாதிரி.

மூன்றாம் நாள் விசாரணைத் தேதி எழுத்தில் வந்தது. அதை அவனே படித்துப் பார்த்த பிறகுதான் நூலை அவிழ்த்தோம்.

விசாரணையில் அவன் பக்கம் நான் பேசினேன். கண்டக்டர் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து வெளியே காத்திருந்தார். அவர் வந்தது கம்பெனிக்காரர்கள் யாருக்கும் தெரியாது. ஒரு தகவலும் வரவில்லை என்று மேனேஜர் முன்னால் சூப்பர்வைசர் சொன்னார்.

"லீவு முடிஞ்சும் ஆளக் காணோம், ஒரு தகவலும் இல்லேங்கறீங்க. ஆறு வருஷம் உங்ககிட்ட வேலை செஞ்ச ஆளு உயிரோட இருக்கானா, செத்தானான்னுகூட நீங்க விசாரிக்கலையா?" என்று கேட்டேன்.

"அது என் வேலை இல்லை."

"வூட்டு நாய் காணாமப் போனாக்கூட நாலு பேரைக் கேப்பாங்க. உங்களுக்கு மனசே இல்லையா சார்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா மனசு? ஊர் எல்லையைத் தாண்ட மாரியாத்தா விடலைன்னு எவனோ ஒரு பஸ் கண்டக்டர் போன்ல உளறுவான், அதையெல்லாம் நான் ரிஜிஸ்டர்ல ஏத்தணுமா?"

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "சார் சொன்னதை அப்படியே எழுதிக்குங்க" என்று நான் கிளார்க்கிடம் சொன்னேன். வெளியே வந்து சொன்னபோது கண்டக்டருக்கு ஒரே ஏமாற்றம். "அப்போ நான் பேசவே வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அடுத்த வாரம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அதே வேலை, அதே ஆறு வருஷ சர்வீஸ். ஆனால் கையெழுத்துப் போட ஒரு தாளை நீட்டினார் மேனேஜர். கடைசி வரியில், இனி இத்தகைய ஒழுங்கீனத்தில் ஈடுபட மாட்டேன் என்று இருந்தது. ஒழுங்கீனம் என்றால் என்ன என்று அவன் என்னைக் கேட்டான். சொன்னேன். தாளைத் தள்ளி வைத்துவிட்டான்.

மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். எங்களோடு உட்கார்ந்த அத்தனை பேரும் வாசலில் காத்திருக்கிறார்கள். ஒரு கையெழுத்தில் வேலை கைக்கு வந்துவிடும். இவன் கெடுத்துவிடப் போகிறானே என்று இன்னொரு தடவை மிதித்தேன். அன்றைக்கு நான் பயந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"நான் தப்பு பண்ணல சார். சொல்லி அனுப்பினேன். அந்த வரிய அடிச்சிட்டுக் குடுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அடிச்சிடுங்க சார். இல்லேன்னா மறுபடியும் மஞ்சள் வாங்கணும்" என்றேன்.

அவர் அடித்தார். அடித்த இடத்தில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டார். அவன் நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். எழுந்திருப்பான் என்று பார்த்தால், சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் இரண்டை எடுத்து மேஜைமேல் விரித்தான். இரண்டும் ஒன்றே. அடுத்த வருஷத் திருவிழாவுக்குப் பதினைந்து நாள் லீவு கேட்டு, அவனே எழுதிய விண்ணப்பம்.

"ஒண்ணு உங்களுக்கு சார்" என்றான். "இன்னொண்ணுல, வாங்கிக்கினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

மேனேஜர் தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பேனாவை எடுத்துக் கடைசி எழுத்தை எழுதி முடிக்கும்வரை அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.