தலைமை தாங்கியவரின் கையெழுத்து

என் கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கே எங்கள் இருவரையும் மாலையும் கழுத்துமாகப் பந்தலில் உட்கார வைத்துவிட்டார்கள். தாலி ஏறியபோது மணி ஒன்றேகால். இடையில் ஊரே தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஐயர் வைத்துக் கல்யாணம் செய்யும் வழக்கம் இல்லை. நல்ல நேரம், ராகு காலம் எதுவும் பார்ப்பதில்லை. தலைவர் ஒருவர் வந்து தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அவர் வருகிற நேரம் நல்ல நேரமாகிவிடும். அம்மா மட்டும் கடிகாரத்தைப் பார்த்து, ராகு காலம் போன பிறகாவது வந்தாரே என்று என் காதில் சொன்னாள்.

அவர் எங்கள் எம்.எல்.ஏ. எங்கள் ஊரில் அந்தப் பத்து வருஷத்தில் நடந்த கல்யாணங்களில் பாதி அவர் நடத்தி வைத்தவை. எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரில் ஒரே படம்தான் மாட்டியிருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் மாறுவார்கள். நடுவில் அவர், தாலியை நீட்டிய கை, தங்கநிறச் சங்கிலி போட்ட வாட்ச். பேசிய பேச்சும் எல்லாக் கல்யாணத்துக்கும் ஒன்றுதான் என்று நான் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

அப்பாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு வருஷம், மேட்டூர் திறந்து இருபது நாளாகியும் எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை. நாங்கள் கடைமடை. மேலே இருப்பவர்கள் பாய்ச்சி மிஞ்சினால்தான் எங்கள் வாய்க்கால் நனையும். நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. அப்போது அவர் எம்.எல்.ஏ.வாகக்கூட ஆகவில்லை. பழைய மோட்டார் சைக்கிளில் வந்து, அப்பாவையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு தலைமதகுக்குப் போனார். நான்கு நாள் மதகுக் கட்டையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டுத் தூக்குவாளியிலிருந்துதான் அவருக்குத் தயிர்சாதம் போனது. ஐந்தாம் நாள் அதிகாரி வந்து மதகைத் திறக்கச் சொன்னார். வாய்க்காலில் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு வர, அதற்கு இரண்டு அடி முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நடந்து வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதில் பொய் கிடையாது. பிற்பாடு நடந்ததை எல்லாம் வைத்து அதையும் நடிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கம்பெனி விசாவில் வளைகுடாவுக்குப் போனார். நான் அப்பா வீட்டில் இருந்தேன். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் பாதி வீட்டு ஆண்கள் விமானம் ஏறினார்கள். மீதிப் பேருக்கு வேறொரு ஆசையைக் காட்டினார்கள், இறால் குட்டை. கடலோரத்திலிருந்து ஆரம்பித்து, நெல் விளைந்த நிலத்தை வெட்டி, உப்புத் தண்ணீரை மோட்டாரில் ஏற்றி இறால் வளர்த்தார்கள். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு, நெல்லைவிடப் பத்து மடங்கு என்றார்கள். பக்கத்து வயல்கள் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

எம்.எல்.ஏ. சொன்னார். எங்கள் ஊர் ஆலமரத்தடிக் கூட்டத்தில், "இந்த மண்ணுல உப்புத் தண்ணி ஏறணும்னா என்மேல ஏறித்தான் போகணும்" என்று பேசினார். அப்பா அன்று ராத்திரி சாப்பிடும்போது அதை நான்கு தடவை சொன்னார்.

அடுத்த சம்பாவுக்குள் எங்கள் குத்தகை வயலுக்குக் கிழக்கே ஒரு குட்டை வந்தது. நாற்று நுனி கருகியது. தை மாதம் பார்த்தால் தரை வெள்ளை பூத்துக் கிடந்தது. அடிபம்புத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அப்பா அவரிடம் மனு கொடுத்தார், பார்க்கிறேன் என்றார். மறுபடி கொடுத்தார், மறுபடியும் பார்க்கிறேன் என்றார். எம்.எல்.ஏ. அண்ணன் கலெக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அப்பாவே ஊருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் கிராம நிர்வாக அலுவலகத்தில் வேறு எதற்கோ சிட்டா எடுக்கப் போன ஒருவர் அந்தக் குட்டையின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். எம்.எல்.ஏ.வின் மைத்துனர் பேரில்.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. என்மேல ஏறித்தான் போகணும் என்ற பேச்சு டீக்கடையில் சிரிப்பாகிவிட்டது. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை என்றால்கூட அதைத்தான் சொன்னார்கள். அடுத்த தேர்தலில் அவருடைய கட்சியே அவருக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. வீடு வீடாகப் படங்கள் இறங்கின. சிலர் பரணில் போட்டார்கள், சிலர் அவர் முகத்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எங்கள் நிலத்தின் சொந்தக்காரர் அதையும் குட்டைக்காரர்களுக்கே விற்றுவிட்டார். அப்பா மேற்கே அடுத்தவர் வயலில் கூலிக்குப் போக ஆரம்பித்தார். வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் வந்து, என் கல்யாணப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, சவர பிளேடால் அவரை வெட்டி எடுத்தார். தாலியைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்க முடியவில்லை. அதை வெட்டினால் தாலியும் போய்விடும். அதனால் எங்கள் படத்தில் ஆள் இல்லாத ஒரு கை, வாட்ச்சோடு, தாலியை நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் உயர்ந்தது, குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று கம்பெனி சொன்னது. கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. அவர் லீவில் வந்தபோது, அப்பாவையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அப்பாவின் தொழிலைக் கேட்ட எழுத்தர், சொந்த நிலம் உண்டா என்றார், இல்லை என்றோம். குத்தகைக்குப் பதிவு உண்டா என்றார், இல்லை என்றோம். படிவத்தில் கூலி என்று எழுதினார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"யாரும்மா இது, கை மட்டும் இருக்கு?"

கோயில் ரசீது இல்லை, மண்டப ரசீது இல்லை, வீட்டு வாசலில் நடந்த கல்யாணம். நடத்தி வைத்தவர் என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சாகியிருக்கும் ஆளே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு லீவு முடிய ஒன்பது நாள் இருந்தது. வெளியே வந்ததும் அப்பா, நான் அந்த ஆள் வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். மாப்பிள்ளை போவதும் முறையில்லை. எனக்கு வருஷக்கணக்கில் பிரிந்திருந்த புருஷனோடு போய்ச் சேர வேண்டும். நான் போகிறேன் என்றேன்.

எம்.எல்.ஏ. வீடு இருந்த மயிலாடுதுறைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அவரைப் பார்த்ததும் கேட்க வேண்டியதை எல்லாம் பஸ்ஸில் வரிசைப்படுத்திக்கொண்டேன். கையெழுத்தை வாங்கிக்கொண்டு, வயலைப் பற்றி நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு வார்த்தை கேட்காமல் வருவதில்லை என்றிருந்தேன். ஒரு காலத்தில் அந்த வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. அன்று ஒரு ஜோடிதான் கிடந்தது. பனியனோடு அவரே கதவைத் திறந்தார். ஊர்ப் பேரையும் அப்பா பேரையும் சொன்னேன். அப்பா எப்படி இருக்கிறார் என்றார். இருக்காங்க என்றேன். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"அப்பா வெட்டினாரா?"

"ஆமாங்க."

"நேரா வெட்டியிருக்காரு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை நிரப்பினார். பேர், வயது, முகவரி. தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. முன்னாள் எம்.எல்.ஏ. என்று எழுதுவார் என்று நினைத்தேன். விவசாயி என்று எழுதினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதே தாளில், நான்கு வரி மேலே, என் அப்பா கூலி. வயலில் உப்பு ஏறக் காரணமாயிருந்த மனுஷன் விவசாயி. கேட்டிருக்கலாம். கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கீழே கையெழுத்துப் போடும்வரை நான் அந்தப் பேனாமுனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டு முடித்த பிறகும் கேட்கவில்லை. தாளை நீட்டிக்கொண்டே, "என் கையெழுத்து இன்னும் ஒரு இடத்துல செல்லுதே, சந்தோஷம்மா" என்றார். அவர் வீட்டு மோரைக் குடித்துவிட்டு, வரேங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒன்று தோன்றியது. இவரும் முதல் தடவை இப்படித்தான் யாரோ தனக்கு வேண்டியவருக்காக ஏதோ ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பாரோ என்று. அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன்.

வீட்டில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து படித்தார். விரல் தன் சொந்தப் பேரில், கூலி என்ற இடத்தில் நின்றது. பிறகு கீழே வந்து விவசாயி என்ற இடத்தில் நின்றது.

"இத அவரே எழுதினாரா?"

"ஆமாப்பா."

"நீ பக்கத்துலதான் இருந்தியா?"

"இருந்தேன்."

அப்பா தாளை மடித்து, நனையாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். நான்கு மாதத்தில் எனக்கு விசா வந்தது. அதற்கு முன்பெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் அப்பா அவரைத் திட்டாமல் எழுந்ததில்லை. அன்றைக்குப் பிறகு, போனிலும் சரி, லீவில் வந்தபோதும் சரி, என் முன்னால் அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. அவரைத் திட்டினால் என்மேலும் படும் என்றுதான் பேசாமல் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.