ரீனா ஓட்டிய சங்குக் கப்பல்

தூத்துக்குடியில் பிறந்த பெண்பிள்ளைகளில் கடலுக்கு அடியில் நீராவிக் கப்பல் ஓட்டியவள் ரீனா ஒருத்திதான். கப்பல் ஒரு பனை நீளம். வழியை மறித்த பேய்க்கணவாயின் எட்டுக் கைகளையும் அவள் தன் கையாலேயே பிடித்துத் திருகினாள். சரி, முறைக்க வேண்டாம், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாயிற்று. கப்பல் ஒரு சாண்தான் இருக்கும். கடல் என்பது அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. கணவாய் சைக்கிள் டியூபில் வெட்டியது. ஓட்டியது ரீனா என்பதில் மட்டும் முக்கால்வாசி உண்மை உண்டு. மீதிக் கால்வாசிக்கு உரியவர் பின்னால் வருவார்.

ரீனாவின் புருஷன் டெரன்ஸ் சங்கு குளிக்கிறவர். வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கி, மணலில் புதைந்த சங்கைத் தடவி எடுத்து வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவதுதான் வாலிபத்திலிருந்து அவர் பிழைப்பு. போன வருஷம் ஆழத்தில் இருக்கும்போதே இடது காது வெடித்துவிட்டது. பாளையங்கோட்டைக் காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை இறங்கினால் வலது காதும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ரீனா செய்த முதல் காரியம், அவர் தண்ணீருக்குள் மாட்டும் கண்ணாடியையும் கால்துடுப்பையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றியதுதான்.

"இருக்கிற ஒரு காதும் போச்சுன்னா நான் யார்கூடச் சண்டை போட?" என்றாள்.

டெரன்ஸ் தன் மச்சானின் கயிற்றுக் கடையில் வேலைக்குப் போய் உட்கார்ந்தார். கடல் தெரியாத தெரு. வியாபாரம் ஓய்ந்த மதியங்களில், சென்னையில் நர்ஸாக இருக்கும் மகள் விட்டுப்போன பழைய போனில் படம் பார்ப்பார். சண்டைப் படமோ பாட்டுப் படமோ இல்லை. வெள்ளைக்காரர்கள் எடுத்த பழைய விஞ்ஞானப் படங்கள். நீளக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட கனவான்கள் மீன் வடிவ இரும்புக் கப்பலில் ஏறிக் கடலடிக்குப் போவார்கள். கப்பலுக்குள் வெல்வெட் சோபா, துலக்கி வைத்த பித்தளை எந்திரங்கள், பல்லுப் பல்லாகச் சுற்றும் சக்கரங்கள். தூண், அலை, மேகம் எல்லாமே பழைய புத்தகத்தில் மையால் கீறிய சித்திரம் போலிருக்கும். அதற்குள் ஒரு ராட்சதப் பிராணி திக்கித் திக்கி நடந்து வரும். சின்ன வயதில் மாதா கோவில் மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஒரு பாதிரிச் சாமியார் இப்படி ஒரு படம் போட்டாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

"ஏளா, இங்கன வா. கடலுக்கு அடியில சோபா போட்டுக் காப்பி குடிக்கான் பாரு. இத்தனை வருசம் இறங்கியிருக்கேன், எனக்கு ஒரு முக்காலிகூடத் தட்டுப்படலையே!"

"உங்களுக்குச் சோபா கிடைச்சிருந்தா நீங்க மேலயே வந்திருக்க மாட்டீங்களே" என்று ரீனா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். கோவிலில் முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் புதுநன்மை உடுப்புக்கு லேஸ் வைத்துத் தைப்பது அவள் தொழில்.

அந்தப் பிராணி எப்படி நடக்கிறது என்பதையும் அவரே கண்டுபிடித்துச் சொன்னார். பொம்மையை ஒரு நூல் அளவு நகர்த்த வேண்டும், ஒரு போட்டோ எடுக்க வேண்டும். மறுபடி ஒரு நூல், மறுபடி ஒரு போட்டோ. நடுவில் வேறு எதுவும் அசையக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து வேகமாக ஓட்டினால் பொம்மைக்கு உயிர் வந்துவிடும்.

"நானும் ஒண்ணு எடுக்கப் போறேன்" என்றார் டெரன்ஸ். "மாதா திருவிழாவுக்கு நம்ம தெருவுல போட்டுக் காட்டணும். முடிச்சுட்டேன்னா கடல் பேச்சையே எடுக்கலை. முடியலைன்னா நம்ம கூட்டாளி ஜோன்ஸ் வள்ளத்துல ஏறிக் கடலுக்குப் போயிருவேன், நீ மறிக்கக் கூடாது. செத்த சங்கு மாதிரி கரையில கிடக்க என்னால ஆகாது."

சரி என்று ஒத்துக்கொண்டு ரீனா சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் கொடுத்தாள். அன்று முதல் இருவரும் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கப்பல் கட்ட, கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த சங்கு ஒன்றைப் பொறுக்கி வந்தார். முதுகில் கைக்கடிகாரத்தின் சக்கரங்களை ஒட்டினார், அடுப்பு பர்னரின் பித்தளை வளையத்தைச் சன்னலாக வைத்தார், பேனா மூடியைப் புகைபோக்கியாக நட்டார். தட்டு நிறைய ஈர மணல் பரப்பி, கரையில் அள்ளிய பாசியை அதில் காடாக நட்டார். வாடிவிடாமல் இருக்கக் கேனில் கடல்தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பார். பின்னால் நிறுத்த அட்டையில் தூணும் வளைவும் சக்கரமுமாகப் பேனாவால் கீறிக் கீறி விரல் காய்த்துப் போனது. கப்பல் தலைவனுக்குத் தேங்காய் நாரில் தாடி. கறுப்புக் கோட்டும் அதன் கழுத்தில் கடுகளவு லேஸும் ரீனா தைத்தது.

மகளின் போனை மேஜைக்கு எதிரே ஸ்டாண்டில் நிறுத்தினார். முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம்தான் வினை. காலையில் எடுத்த போட்டோவுக்கும் சாயங்காலம் கடையிலிருந்து வந்து எடுக்கும் போட்டோவுக்கும் நடுவில் கப்பல் இடம் மாறியிருக்கும். வடக்கே பார்த்து நின்ற புகைபோக்கி கிழக்கே பார்க்கும். ஓட்டிப் பார்த்தால் கப்பல் தவளை மாதிரித் துள்ளும். போதாக்குறைக்குப் பாசிக்காடும் நாளுக்கு நாள் குறைந்தது.

"ஏளா, மேஜையை இடிச்சியா?"

"நான் அந்தப் பக்கமே போகலை."

"பாசியை எடுத்துத் தூரப் போட்டியா? நாறுதுன்னு அன்னைக்குச் சொன்னேல்லா."

"நாறுதுன்னு சொன்னேன். போடலை."

"அப்போ கப்பல் தானா நடக்குதாக்கும்!"

அந்த ஒரு வார்த்தைதான் அவர் அந்த மாதம் முழுவதும் பேசியதில் பச்சை உண்மை. அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

சண்டை சூடாக இருக்கும்போது வாசலில் ஜோன்ஸ் வந்து நின்றான். டெரன்ஸோடு கூடவே கடலில் வளர்ந்தவன், இப்போது சொந்த வள்ளம் வைத்திருக்கிறான்.

"ஏலே டெரன்ஸ், திங்கக்கிழமை வள்ளம் இறக்குதேன். ஒரு ஆள் குறையுது. வாரியா, இல்லை பொம்மைக்குத் தொப்பி மாட்டிட்டு இருக்கப் போறியா?"

டெரன்ஸ் மேஜையைப் பார்த்தார். புகைபோக்கி இப்போது தெற்கே பார்த்தது.

"வாரேன்" என்றார்.

"மதினி என்ன சொல்லுதாங்க?"

"மதினிக்கு இந்தப் படம் முடியக் கூடாதுன்னு ஆசை. அதான் கப்பலைத் தள்ளித் தள்ளி வைக்கா." ஜோன்ஸ் கடகடவென்று சிரித்தான்.

ரீனாவுக்குக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. இந்தப் படம் முடிய வேண்டும் என்று இந்தத் தூத்துக்குடியில் அவளைவிட யார் நேர்ந்துகொண்டிருக்கப் போகிறார்கள்! அவர் பரணிலிருந்து சாக்கை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறிக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டவள், மறிக்கவில்லை.

மறுநாள் அவர் கடையில் சொல்லிக்கொண்டு வரப் புறப்பட்டுப் போனதும், ரீனா ஒரு நாற்காலியை மேஜைக்கு எதிரே இழுத்துப் போட்டாள். தட்டில் வெண்டைக்காயை வைத்து நறுக்கிக்கொண்டே கப்பலை முறைத்தாள். "நான் உன்னை இடிச்சேனா? சொல்லு, இடிச்சேனா?" என்று கேட்டாள். கப்பல் பதில் சொல்லவில்லை. வெண்டைக்காய் முடிந்தது. மிஷின் ஓடவில்லை, மிக்ஸி ஓடவில்லை, வீடு சத்தமில்லாமல் கிடந்தது.

கப்பல் எழுந்தது.

மணலிலிருந்து ஒரு விரல் உயரம் எழுந்து, லேசாகச் சாய்ந்து, பித்தளைச் சன்னலும் பேனா மூடியுமாக ஆடி ஆடி நடந்தது. ரீனா "மாதாவே!" என்று நாற்காலிமேல் ஏறிவிட்டாள். கப்பல் பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். சங்கின் வாய்க்குள்ளிருந்து இரண்டு குச்சிக் கண்கள் அவளைப் பார்த்தன. கீழே செம்புநிறக் கால்கள்.

காலிச் சங்கில் குடியேறிச் சுமந்து திரியும் நண்டு. கரையில் விளையாடும் பிள்ளைகளுக்கே தெரியும். டெரன்ஸுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. சங்கு குளிக்கிறவர்களுக்கு உயிரோடு எடுத்த சங்குதான் சங்கு. கரை ஒதுங்கிய செத்த சங்கை வியாபாரி வாங்க மாட்டார், ஆகவே அவர்களும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். காலமெல்லாம் அப்படியே பழகிய கண். மேல்பக்கம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சக்கரத்தை ஒட்டிவிட்டார்.

முதலில் அவளுக்கு அந்த நண்டைத் தூக்கிக் கொல்லைப்புறம் எறியத்தான் தோன்றியது. உன்னால் எனக்கு எவ்வளவு ஏச்சு! துடைப்பத்தைக்கூட எடுத்துவிட்டாள். அப்புறம் பரணிலிருந்து இறங்கிய சாக்கு கண்ணில் பட்டது. துடைப்பத்தைச் சாத்திவிட்டுச் சன்னலை அடைத்தாள், விளக்கைப் போட்டாள், ஸ்டாண்டில் நின்ற போனைத் தட்டினாள்.

நண்டு ஒரு எட்டு வைத்தது, ரீனா ஒரு போட்டோ எடுத்தாள். கணவாயின் ஒரு கையை ஒரு நூல் திருகினாள், இன்னொரு போட்டோ. நண்டு நின்றால் அவளும் நின்றாள். எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாதபோது கொஞ்சம் பாசியை எதிரே நட்டு வழிகாட்டினாள். கணவாய்க்கு நேராகப் போன கப்பல் திடீரென்று உள்ளிருந்து ஒரு கொடுக்கை நீட்டி, பாசியைப் பிடுங்கி, தனக்குள் இழுத்துக்கொண்டது. அதையும் விடாமல் எடுத்தாள். சோறு வடிக்கவில்லை. புதுநன்மை உடுப்பு கேட்டு வந்த சந்தனச்செல்வி, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

சாயங்காலம் டெரன்ஸ் வந்தபோது ரீனா அவரை வலது காதுப் பக்கமாகப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒண்ணும் பேசாதீங்க. இதைப் பாருங்க."

போனில் கப்பல் நடந்தது. துள்ளவில்லை, தயங்கித் தயங்கி, கடலடி மணலில் கால் புதைந்து நடக்கிறவனைப்போல நடந்தது. கொடுக்கு வெளியே வந்தபோது டெரன்ஸ் போனை மேஜையில் வைத்துவிட்டு, சங்கை மெல்லத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். நண்டு விருட்டென்று உள்ளே போனது.

"செத்த சங்குன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

"நீங்க எதைத்தான் திருப்பிப் பார்த்தீங்க?" என்றாள் ரீனா. "என்னை என்ன சொன்னீங்க, ஜோன்ஸ் முன்னாடி?"

 டெரன்ஸ் சங்கை மணலில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். மறுபடி படத்தை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். திருவிழா எப்போது என்று காலண்டரைப் பார்த்தார்.

"ஏளா, இந்தக் கணவாய் ஏன் சப்பாத்தி மாவு பிசையுது?"

"எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

"ஆளை இறுக்கிப் பிடிக்கிறது அப்படி இல்லை. நான் பார்த்திருக்கேன்லா. அந்த இடத்தைத் திரும்ப எடுக்கணும். நாளைக்கும் மறுநாளும் உக்காந்தாத்தான் முடியும்." நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, "நீதான் இருக்கணும். உனக்குத்தான் நண்டு பழக்கம்" என்றார்.

அப்புறம் போனை எடுத்து ஜோன்ஸைக் கூப்பிட்டார். "ஏலே, நான் வரலை. இங்கன கப்பல் நடக்குது."

"நேத்து நல்லாத்தானலே இருந்த" என்றான் ஜோன்ஸ்.

திருவிழாவின் ஒரு சாயங்காலம், எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் படம் ஓடியது. கொடுக்கு நீண்டதும் தெருவே எழுந்து நின்றது. ஜோன்ஸ்தான் முதலில் விசிலடித்தான். ரீனாவின் பக்கம் திரும்பி, "மதினி, தெரியாம நானும் அன்னைக்குச் சிரிச்சுட்டேன்" என்றான். கணவாய் கடைசிவரைக்கும் கொஞ்சம் மாவு பிசையத்தான் செய்தது. டெரன்ஸ் அதை மாற்றவில்லை.

அன்றோடு டெரன்ஸின் கால் கடல்தண்ணீரில் படவே இல்லை. அந்த நண்டோ சக்கரம், சன்னல், புகைபோக்கி சகிதமாக இன்றைக்கும் முயல்தீவுப் பக்கம் ராஜநடை போடுகிறது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"நல்லாக் கதை அளக்கீங்க ஆச்சி!" என் பக்கத்தில் உட்கார்ந்து லேஸ் தைத்துக்கொண்டிருந்த ரீனா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்தச் சாமானையெல்லாம் அவரே நோகாமக் கழட்டிட்டுத்தான் நண்டைக் கடல்ல கொண்டு விட்டாரு. அலை ஓரத்துல விட்டாப் போதும்னு சொன்னேன், கேக்கலை. முழங்கால் தண்ணி வரைக்கும் இறங்கிட்டாரு. சட்டையைப் பின்னாடி நான்தான் பிடிச்சிட்டு நின்னேன்."