அண்ணாச்சி சொன்ன கதையில் இறந்துபோனவர்

மத்தியானச் சாப்பாடு முடிந்து என் கணவரைச் சரித்துப் படுக்கவைத்த பிறகுதான் நாங்கள் அண்ணாச்சியின் பதிவைக் கேட்போம். அண்ணாச்சி எங்கள் தொகுதியின் பழைய எம்.எல்.ஏ. வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. கை நடுக்கத்தால் எழுத முடியாது. அவர் வாயால் சொல்வதை மகள் போனில் பதிவுசெய்து, பழைய கட்சிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவந்தாள். எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாக்கப் போகிறார்களாம்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், பழகியவர்களுக்குத்தான் புரியும். இளமையெல்லாம் அண்ணாச்சி பின்னால் அலைந்தவர். அஞ்சுகிராமம் பக்கத்துக் கடைமடை வயல்களுக்குக் கால்வாய்த் தண்ணீர் கேட்டு மறியல் செய்து, அவரோடு சிறைக்கும் போனார். அப்போது நான் புதுப்பெண்.

எனக்கு அந்தக் கதைகளில் பெரிய ஆசை கிடையாது. அது ஓடும்போது இவர் என்னிடம் எதுவும் கேட்காமல் கிடப்பார், நானும் இடுப்பை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். மாநாடு, ஊர்வலம், அமைச்சரோடு போட்ட சண்டை என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே போவார். பாதியில் நான் தூங்கிவிடுவேன்.

அன்றைக்கும் கண் சொக்கியது. மறியல் கதை வந்ததும் இவர் இடது கையால் கட்டிலைத் தட்டி என்னை எழுப்பினார். போனில் அண்ணாச்சி இவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அவன மாதிரி ஒருத்தன நான் பாக்கல. செயில்ல எனக்குக் காய்ச்சலு. துண்ட நனச்சு நனச்சு நெத்தியில போட்டுட்டு ஒறங்காம இருந்தான். வெளிய வந்த கையோட மஞ்சக்காமாலையில போயிட்டான். அவன் சவப்பெட்டியத் தூக்குன தோளு இது.” குரல் உடைந்து பதிவு நின்றது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். இவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். “ஏட்டி, நான் செத்துப்போனேனாம்.”

“சிரிக்கியளா? உங்களத் தூக்கித் தூக்கி என் நடு ஒடிஞ்சு கெடக்கு. இப்பமே போன் போட்டுக் கேக்கேன்.”

“சவத்த விடு. நான் செத்தா என்ன, இருந்தா என்ன?” என்றவர், கொஞ்சம் கழித்துச் சிரிப்பை நிறுத்தினார். “ஆனா போனது கடியப்பட்டணத்துக்காரன் கேட்டியா. கடல்ல போறவன். அவனுக்கு வயலும் இல்ல, வரப்பும் இல்ல. நமக்காவ வந்தான். துண்டு நனச்சுப் போட்டதும் அவன்தான். நான் மூலையில கொறட்ட விட்டுக் கெடந்தேன். அவன் பேரச் சொல்லச் சொல்லு.”

போன் போட்டேன். மகளிடம் விவரம் சொன்னதும் அவள் பதறிப்போய் அப்பாவிடமே கொடுத்தாள். நான் எங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு இவர் முகத்தருகே பிடித்தேன்.

“மக்கா, நீ இருக்கியாடே?” என்று கேட்டு அண்ணாச்சி அழுதேவிட்டார்.

“இருக்கேன் அண்ணாச்சி. போனது அந்தக் கடியப்பட்டணத்துக்காரன்.” இவர் சொன்னதை நான் தெளிவாகத் திருப்பிச் சொன்னேன்.

“ஆமா, ஆமா. ஓர்மை வருது. நல்ல பயலு. பாட்டெல்லாம் பாடுவான்.” பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “அவன் இப்பம் நல்லா இருக்கானா?”

இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “நல்லா இருக்கான் அண்ணாச்சி,” என்றார் இவர். அதை மட்டும் நான் திருப்பிச் சொல்லவில்லை. அண்ணாச்சிக்கு அது எப்படியோ புரிந்திருந்தது. “விசாரிச்சேன்னு சொல்லு,” என்றார்.

மகள் போனை வாங்கி, “நான் திருத்திருதேன் மாமா. அவரப் பத்தி நீங்களே சொல்லுங்க, பதிவு பண்ணுதேன்,” என்றாள்.

அப்படித்தான் அன்று பொழுது போனது. இவர் குழறக் குழறச் சொல்ல, நான் ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னேன்: அவன் பெயர், தெருவின் பெயர், பாடிய ஜெபப் பாட்டு, சிறைச் சோற்றில் மீன் இல்லையென்று அவன் செய்த ரகளை. தொண்டை கட்டிவிட்டது. கட்டஞ்சாயா போடக்கூட எழுந்திருக்க முடியவில்லை. முடித்தபோது இவர் படுக்கையை நனைத்திருந்தார். துணி மாற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன்.

“எல்லாம் சொல்லியாச்சாட்டி?” என்று கேட்டார்.

“சொல்லியாச்சு. ஒறங்குங்க,” என்றேன்.